டில்லிபாபு உள்ளே இருக்கிறார்

ஒன்பதாம் பிளாக்கில் லிப்ட் ஓடிய நாட்களைவிட ஓடாத நாட்களே அதிகம் என்பதால் எந்தச் செய்தியும் எங்களுக்குப் படிக்கட்டு வழியாகத்தான் வந்து சேரும், ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துக்கொண்டு. ஆனால் ஐந்தாவது மாடியில் தேசம்மா வீட்டுச் சுவரில், குளியலறைக்கும் காலண்டருக்கும் நடுவில், அவள் மகள் யுவராணியின் போனிலிருந்து ஒரு அறை திறந்துகொண்டது என்ற செய்தி மட்டும் சொன்னது சொன்னபடியே மேலும் கீழும் போய்ச் சேர்ந்தது. சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கதவில்லாத ஒரு வாசல், அதன் பின்னால் பத்துக்குப் பத்தில் ஒரு கறுப்பு அறை, அறையின் கோடியில் யாரோ ஏதோ சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல விட்டுவிட்டு மினுக்கும் ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான். தேசம்மா அன்று கேட்டது ஒரே ஒரு கேள்வி, உள்ளே தரை காய்ந்திருக்கிறதா என்று. காய்ந்திருக்கிறது என்று மகள் சொன்னதும், அப்படியானால் செருப்பை வெளியே விடு என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

யுவராணி கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். லினக்ஸ் என்ற ஒன்றை வீட்டில் போட்டுப் பழகச் சொன்னார்கள். கம்ப்யூட்டரை ஓட்டுகிற, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற மென்பொருள் அது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பெண் என்ன செய்வாள், அண்ணன் லோகு குவைத்துக்கு வண்டி ஓட்டப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய போனில் ஒரு செயலியை இறக்கி, அதற்குள் கனமில்லாத சின்ன லினக்ஸ் ஒன்றைக் குடிவைத்தாள், சுவரில் அறை திறந்தது அப்போதுதான். போனின் முழு உரிமைக்கு ரூட் என்று பெயர். அது போனைச் செய்தவர்களிடம் இருக்கிறது, வாங்கியவர்களிடம் இல்லை. பூட்டை உடைத்து அதைப் பறிக்கிறவர்களும் உண்டாம். யுவராணி உடைக்கவில்லை. உடைக்காமலே, உள்ளே குடிவந்த லினக்ஸை ‘இங்கே நீதான் ரூட்’ என்று நம்பவைக்க ஒரு வழி இருக்கிறது. அந்த அதிகாரம் உள்ளே செல்லும், வெளியே செல்லாது. இதை அவள் விளக்கியபோது எங்களில் ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை. ஆற்றோரத்திலிருந்து எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த மாடிகளில் இறக்கியவர்கள் சாவியைக் கையில் கொடுத்து வீடு உங்களுடையது என்றார்கள், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

முதலில் அந்த அறைக்குள் நாங்கள் அழத்தான் போனோம். ஒரே அறையில் ஆறு பேர், அதில் ஒருவர் தூங்குவார், ஒருவர் படிப்பார், ஒருவர் டிவி பார்ப்பார், அழுவதற்கு இடம் எங்கே இருக்கிறது. பாத்ரூமில் அழுதால் வெளியே நிற்பவர் கதவைத் தட்டுவார், மொட்டைமாடிக்குப் பூட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதால் கேள்வி கேட்காமல் தாண்டிப் போகிற ஜென்மம் எங்கள் பிளாக்கில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் தேசம்மா வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்தன. போனவர்கள் கொஞ்ச நேரத்தில் முகம் கழுவினாற்போல வெளியே வந்து, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். தேசம்மா மட்டும் ஒரு நாளும் போனதில்லை. அழ எனுக்கு ஏது நேரம் என்பாள்.

மூன்றாவது மாடி ஜைத்தூன் அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்காக ஒரு நிமிடம் அழுதுவிட்டு வரலாம் என்று உள்ளே போன நேரம் பார்த்துப் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்தது, வாசல் சுவராகிவிட்டது. அன்றைக்கென்று கரண்டும் இல்லை. அவள் புருஷன் சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், ஸ்டேஷன் வரைக்கும் போய் என்ன என்று எழுதிக் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தார். மறுநாள் கரண்டு வந்து யுவராணி போனைத் திறந்ததும் ஜைத்தூன் அக்கா அதே கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“பாலு பொங்கிடுச்சா?” என்று கேட்டாள்.

போன் தூங்கினால் உள்ளே இருப்பது அப்படியே நிற்கும், போன் விழித்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும் என்று அன்று தெரிந்துகொண்டோம். தெரிந்த மறுவாரமே மாவுப் பாத்திரங்கள் உள்ளே போக ஆரம்பித்தன. கோடைக் காலத்தில் காலையில் அரைத்த மாவு மத்தியானமே புளித்து வழிகிற வீடுகள் எங்களுடையவை, எல்லோரிடமும் பிரிட்ஜ் இல்லை. யார் பாத்திரம் எது என்று தெரிவதற்கு மூடியில் நெயில்பாலிஷ் பொட்டு வைத்தோம், சிவப்பு எங்களுடையது, ஊதா எதிர்வீட்டுக்காரர்களுடையது என்று. வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ, மறுநாள் கல்யாணத்துக்கு வாங்கிய மீன், எல்லாம் சுவரோரம் வாடாமல் நாறாமல் இருந்தன. இதில் அதிசயப்பட எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை, இந்த வசதியைக் கட்டும்போதே செய்து கொடுத்திருக்கலாமே என்றுதான் எரிச்சலாக வந்தது.

தேசம்மாவின் புருஷன் டில்லிபாபு கொத்தனார். இந்த நகரத்தில் அவர் பூசாத சுவர் குறைவு, அவருக்கென்று ஒரு சுவர் இருந்ததில்லை. பூசிய தூசியெல்லாம் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பிடித்ததைக் கொடுங்கள், யாரைப் பார்க்க வேண்டுமோ வரச் சொல்லுங்கள் என்று சொன்னாள். அவருக்குப் பிடித்தது இட்லியும் வடகறியும். பார்க்க வேண்டியது குவைத்தில் இருந்த லோகுவை. லோகு போனில் அழுதான், முதலாளி இப்போது லீவு தரமாட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்றான்.

தேசம்மா அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலக்கி, குண்டானைத் தூக்கிக்கொண்டுபோய்க் கறுப்பு அறையில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்று அந்தப் பாத்திர வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்து மகளைக் கேட்டாள்.

“மாவு உள்ள எத்தினி நாளு ஆனாலும் புளிக்காது இல்ல?”

“புளிக்காதும்மா.”

“அப்ப உங்க நைனாவையும் உள்ள வையி. லோகு வர்ற வரிக்கும்.”

யுவராணி அம்மாவையே பார்த்தாள். வாசலில் நின்றிருந்த எங்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது; நோயாளி படுக்கிற இடம் என்று அவரவர் பாத்திரத்தை அன்றைக்கே எடுத்துக்கொண்டோம், தேசம்மாவின் குண்டான் மட்டும் அங்கேயே இருந்தது.

டில்லிபாபு பாயும் தலையணையும் ஒரு சொம்புத் தண்ணீருமாக உள்ளே போனார். நின்று நான்கு பக்கமும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார், மட்டம் சரியாக இருக்கிறது என்றார்.

“இதுக்கு யாருடி ஓனரு?”

யுவராணி போனில் ஏதோ தட்டினாள். “நான் யாருன்னு கேட்டா ரூட்டுன்னு காட்டுது, நைனா. உள்ள நிக்கிறவங்கதான் ஓனரு. நீதான்.”

“அப்ப ஆணி அடிக்கலாமா?”

“அடிச்சுக்கோ.”

மூச்சிரைக்க இரைக்க அவர் ஒரு ஆணி அடித்தார். வெளியே அந்த வீட்டுக் காங்கிரீட் சுவரில் ஆணி வளைந்துதான் போகும். இந்தக் கறுப்புச் சுவரில் நேராக இறங்கியது. சட்டையைக் கழற்றி அதில் மாட்டினார். மாட்டிய சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அதற்கு முன் சட்டையையே பார்த்திராதவரைப்போல. பிறகு படுத்துக்கொண்டு, “லோகு வந்தா எய்ப்பு” என்றார். யுவராணி திரையை அணைத்தாள், சுவர் சேர்ந்துகொண்டது, காலண்டர் ஒருமுறை ஆடி நின்றது.

அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் டில்லிபாபு உள்ளே இருக்கிறார் என்று சொன்னோம். வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வந்தவர்களிடம் சொன்னோம், பத்திரிகை வைக்க வந்தவர்களிடம் சொன்னோம், அவரோடு கீழே சீட்டாடுகிறவர்கள் அவர் இடத்தை விட்டு உட்கார்ந்து அவர் பங்குச் சீட்டையும் போட்டார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் காலண்டர் பக்கத்துச் சுவரைத் தொட்டுவிட்டுப் போனார்கள். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதபோது தேசம்மா பூ வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாய் கேட்டது, ஜைத்தூன் அக்கா ஒரு முழம் மல்லிகையை வாங்கி வந்து எல்லோர் முன்னாலும் தானே தேசம்மா தலையில் வைத்துவிட்டு, அந்த வாயைப் பார்த்து, “தேங்கா ஒடச்சி சொல்லணுமா?” என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதித்த பிறகு அறையைத் திறப்பார்கள். ஆரம்பத்தில் அரட்டைகூட நடந்தது. ஆனால் திறந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு மிச்சமிருக்கிற நாளிலிருந்து போகிறது என்று தேசம்மாவுக்குத் தெரியும். ஒரு ஞாயிறு திறந்த நேரமெல்லாம் இருமலுக்கே போனது. அன்றிலிருந்து அவள் கஞ்சத்தனம் பிடித்தாள். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, லோகு போனில் வந்தால் என்று திறப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வாசலில் நின்று, நாலு வார்த்தை பேசிவிட்டு மூடச் சொல்லிவிடுவாள்.

லோகு வரவில்லை. இந்த வருஷம் முதலாளி வீட்டில் கல்யாணம், அடுத்த வருஷம் பாஸ்போர்ட் சிக்கல், அதற்கடுத்த வருஷம் முதலாளிக்கே உடம்பு சரியில்லை. யுவராணி படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள், தேசம்மாவுக்குக் கண்ணாடி வந்தது, முன்பல் ஒன்று போனது. உள்ளே இருந்தவருக்கு இதெல்லாம் ஒரே மத்தியானத்தில் நடந்தன.

“இப்பதான தேசம் கண்ண மூடுனேன். அதுக்குள்ள இன்னாத்துக்குக் கண்ணாடி?” என்றார் ஒரு பொங்கலுக்கு.

அடுத்த தடவை, “இன்னா நீ, எய்ந்து போயி வர்றதுக்குள்ள கெய்வியாயினு கீற? நான் படுத்த எடத்துல கீறேன், நீங்கல்லாம் ஓடினு கீறீங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேசம்மா மூடச் சொல்லிவிட்டு வெகுநேரம் காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வேலைக்குப் போன யுவராணி தனக்குப் புதுப் போன் வாங்கினாள், ஆனால் அறை புதுப் போனுக்கு வராது. உள்ளே இருப்பதையெல்லாம் கட்டி மூட்டையாக்கி வேறு போனில் இறக்குவதற்கு வழி உண்டு என்றாள். மூச்சு விடுகிற மனுஷனை மூட்டை கட்ட அவளுக்குக் கை வரவில்லை. பழைய போனோ தன் பங்குக்கு அந்தக் கறுப்புத் திரையை வேண்டாத சுமை என்று நினைத்து அடிக்கடி மூடப் பார்த்தது, பாட்டரியை வீணாக்குகிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்பதற்கு அதற்கு உரிமை இருக்கிறது, அதனுடைய ரூட் வேறெங்கோ இருக்கிறது. அது கேட்காமலே செய்துவிட்டால் டில்லிபாபு பாயோடும் சட்டையோடும் இல்லாமல் போய்விடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் போனின் பின்மூடி தூக்கிக்கொண்டது. உள்ளே பாட்டரி உப்பியிருந்தது. பஜாரில் ரிப்பேர் செய்கிறவர் தொடவே பயந்தார்.

யுவராணி அன்றைக்கே புதுப் போனில் அண்ணனை முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டாள். நாங்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வராண்டாவில் நின்றிருந்தோம், தேசம்மாவும் எங்களோடு நின்றிருந்தாள்.

“ண்ணா, போன் உப்பிடுச்சு. இனிமே தாங்காது. நீ இந்த மாசம் வரணும்.”

“லீவு கெடைக்கலம்மா...”

“இத்தினி வருசமா ஒரு ஆளு லீவு குடுக்காமயே இருப்பானா? போன குடு, நான் பேசறேன் அவருகிட்ட.”

லோகுவின் வண்டிக்குள் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அவரு நல்லவரு யுவா. நைனாவுக்கு முடியலன்னு சொன்ன வருசமே டிக்கெட்டு போட்டுக் குடுத்தாரு. அப்புறமும் குடுத்தாரு. நான்தான் வரல.”

“ஏன்?”

“நான் வந்துட்டா நைனா செத்துடுவாரு இல்ல.”

தேசம்மா குடத்தைக் கீழே வைத்தாள், மகள் கையிலிருந்து போனை வாங்கினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தோம்.

“நானும் அதாண்டா,” என்றாள். “நீ வரலன்னு சொல்றப்பல்லாம் எனுக்கு உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்துச்சு.”

அந்த ஞாயிறு அறையைத் திறந்து அவரிடமே எல்லாவற்றையும் சொன்னார்கள். டில்லிபாபு சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது, தேசம்மா தண்ணீர் கொடுத்தாள்.

“பைத்தியக்காரப் பசங்களா. சிமெண்டு மூட்டய பத்திரமா வெச்சிக்கினே இருந்தா இன்னா ஆவும்? கல்லாப் பூடும். பிரிச்சிக் கொட்டுனாத்தான் அது சிமெண்டு. அவன வரச் சொல்லு. வந்தப்புறம் மூடாத.”

லோகு வந்தான். லிப்ட் ஓடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறி வந்தவனுக்கு முன் தலையில் முடி இல்லை, தொப்பை போட்டிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. டில்லிபாபு வாசலில் நின்றவனைப் பார்த்து, “யாரு சார்?” என்றார்.

“லோகு நைனா.”

அவர் கையை நீட்டினார். லோகு செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் மண்டியிட்டான். அவர் அவன் வழுக்கையைத் தடவினார், காதைப் பிடித்துப் பார்த்தார், சுவரின் மட்டம் பார்த்ததுபோலப் பொறுமையாகப் பார்த்தார். “முடியெல்லாம் எங்கடா வுட்ட” என்றார். லோகு அப்படியே அவர் மடியில் கவிழ்ந்துகொண்டான்.

போனைத் தூங்கவிடாமல் பிடித்துவைக்க அந்தச் செயலியிலேயே ஒரு பொத்தான் உண்டு. யுவராணி அதை அழுத்தினாள். சார்ஜரைச் சொருகினாள், கரண்டு போனால் என்ன செய்வது என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் பவர்பேங்க் வந்து வரிசையாகக் குவிந்தது. போன் சூடேறியது. ஜைத்தூன் அக்கா ஈரத்துணியை மடித்து அதன் அடியில் வைத்து, காய்ந்ததும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள், ஜுரம் வந்த பிள்ளைக்கு வைப்பதுபோல. நாங்கள் வாசலிலும் வராண்டாவிலும் படிக்கட்டிலும் நின்றோம். டிவி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம்.

அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. குவைத்தில் பூச்சு எப்படி, உப்புக் காற்றுக்குச் சுவர் உதிருமா என்று கேட்டார். யுவராணியைக் கிட்டத்தில் வரச் சொல்லி, வேலையில் உட்கார நாற்காலி கொடுக்கிறார்களா என்று கேட்டார். தேசம்மாவைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார், அவள் அத்தனை வருஷத்தில் முதல்முறையாக எதையும் யோசித்து வைத்துக்கொள்ளாமல் அவர் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். இருவரையும் சேர்த்துப் பார்த்தால் அக்கா தம்பிபோல இருந்தது. சுவர்க்கோடியில் அந்த வெள்ளைக் கீற்று மினுக்கிக்கொண்டிருந்தது.

“மாவு இன்னா ஆச்சு?” என்று கேட்டார்.

தேசம்மா கையை எட்டிக் குண்டான் மூடியைத் திறந்து பார்த்தாள். மேலே சின்னச் சின்னதாகக் குமிழி வந்திருந்தது. “பொங்க ஆரம்பிச்சிருக்கு” என்றாள்.

“நல்லது,” என்றார். “நாளைக்கு சுடு.”

கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. ஒருவரும் குடத்தை எடுக்கவில்லை. லோகுதான் முதலில் கவனித்தான், தன் தலைமேல் இருந்த கை கனத்துவிட்டது என்று.

சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்துத் தண்ணீர் லாரி வந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது இவ்வளவுதான், ஒரு மத்தியானம். நாங்கள் படிக்கட்டில் நின்றுகொண்டு இதை நினைத்துத்தான் அழுதோம், போனவருக்காக அழுததைவிட அதிகமாக.

ஆணியிலிருந்து சட்டையை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டார்கள். லோகு முன்பக்கம் தோள் கொடுத்தான், ஐந்து மாடியும் திரும்பித் திரும்பி இறக்கினோம், ஒவ்வொரு திருப்பத்திலும் அவரோடு சீட்டாடியவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள். மேலே யுவராணி குண்டானைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வெளியே வந்தாள், அறையைத் திரும்பிப் பார்த்தாள், ஆணி மட்டும் இருந்தது. அங்கே செய்ததை வெளியே கொண்டுவர முடியாது. போனில் ‘எக்ஸிட்’ என்று தட்டினாள், வெள்ளைக் கீற்று நின்றது, சுவர் சேர்ந்தது. போனும் அன்றைக்கே குளிர்ந்து போனது, பிறகு விழிக்கவே இல்லை.

மறுநாள் காலை சமையல் மேடையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்திருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்ட முடியாது. ஜைத்தூன் அக்கா குண்டானை மூன்றாவது மாடிக்கு எடுத்துக்கொண்டுபோய், எங்கள் வீட்டு இட்லிப் பானையையும் வாங்கிக்கொண்டு, ஈடு ஈடாக அவித்து, துக்கத்துக்கு வந்திருந்தவர்களுக்கெல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தாள். முதல் தட்டு தேசம்மாவுக்கு. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஆறிவிடும் சாப்பிடு என்று ஜைத்தூன் அக்கா சொன்ன பிறகு ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

“எப்டி கீது?”

“நல்லா புளிச்சிருக்கு” என்றாள் தேசம்மா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள், வீட்டு நடுவில் உட்கார்ந்து, எங்கள் எல்லோர் முன்னாலும், சத்தமாக. போய் அழ இனி வேறு அறை இல்லை, நாங்களும் யாரும் எழுந்து வெளியே போகவில்லை.